பெங்களூரில் வீட்டுத் தமிழ் வாசிப்பு: ஸ்டோரிவீவரும் ஜெராக்ஸ் தாளும்

மகள் இரண்டாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும்தான். தமிழ் வீட்டோடு சரி. அவளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்க முதலில் காசு கட்டி ஒரு செயலி வாங்கினோம். எழுத்தைத் தொட்டால் நட்சத்திரம் கொட்டும். நட்சத்திரம் எக்கச்சக்கமாகச் சேர்ந்தது. அதே எழுத்தைத் தினசரி காலண்டரில் காட்டினால் முழித்தாள். சந்தாவை நிறுத்திவிட்டோம்.

போன வருஷத்திலிருந்து ஸ்டோரிவீவர்தான். நம்ம பெங்களூரு பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-ல் தொடங்கிய சிறுவர் கதை இணைய நூலகம். இலவசம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்பதால் பிடிஎஃப் இறக்கித் தாராளமாக அச்சடிக்கலாம். கதைகள் 4 நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் நிலையில் 250 சொற்களுக்குள் முடிந்துவிடும், சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வரும். ஆரம்பிக்கிற பிள்ளைக்கு வேண்டியது அதுதான். ஆனால் போனில் வேண்டாம். படத்தை மட்டும் பார்த்துவிட்டு விரல் அடுத்த பக்கத்துக்கு ஓடிவிடுகிறது. கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள், கலர் அடிக்கிற வேலையும் பிள்ளைகளுக்கே மிஞ்சும்.

தாளுக்கு வந்த பிறகுதான் எங்கே தடுக்குகிறது என்று கண்ணில் பட்டது. 'கொக்கு' என்பதை 'கெரக்கு' என்று வாசித்தாள். யோசித்தால் அவள் பக்கம் நியாயம் இருக்கிறது: கொம்பு முன்னால் நிற்கிறது, பின்னால் நிற்கிற கால் பார்க்க 'ர' மாதிரியே இருக்கிறது. கொம்பு, க, கால் மூன்றையும் சேர்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். நாலைந்து கதைக்கு அப்படிப் போட்டதும் பிடித்துக்கொண்டாள். அடுத்த தலைவலி 'பாம்பு'. முதல் 'ப'வுக்கும் கடைசி 'பு'வுக்கும் ஒலி வேறு. கன்னடத்தில் அதற்கு வேறு வேறு எழுத்து, தமிழில் ஒன்றே. விதி சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. பாம்பு, தம்பி, கரும்பு என்று சத்தமாகச் சொல்லச் சொல்ல வாய்க்கு வந்துவிட்டது.

'வந்துவிட்டான்' என்று அச்சில் இருந்தால் 'வந்துட்டான்' என்றுதான் வாசிக்கிறாள். என் கணவருக்கு அது ஆகாது, உடனே திருத்துவார். நான் விட்டுவிடுவேன், பொருள் புரியாமல் அப்படி மாற்ற முடியாதே! எழுத்தையே தப்பாகப் பார்த்தால் மட்டும் நிறுத்துகிறேன்.

படித்த கதையையே கேட்டால் மறுக்காதீர்கள். மனப்பாடமாக ஒப்பிக்கிறாளோ என்று சந்தேகம் வந்தால் நடுப்பக்கத்தை நீட்டி ஒரு வரி வாசிக்கச் சொன்னால் போதும், தெரிந்துவிடும்.

சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம், அதற்கு மேல் இழுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலி ஆச்சிக்கு வீடியோ காலில் வாசிப்பு. "ஏட்டி, சத்தமா வாசி, காதுல விழல" என்று அங்கிருந்து வருகிற அதட்டலுக்கு இருக்கிற மதிப்பு எனக்கு இல்லை. இரண்டாம் நிலைக்கு இப்போதுதான் போயிருக்கிறோம். வாக்கியங்கள் நீளம், பாதியில் எழுந்து ஓடுகிறாள். அதனால் ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான்.