ரீகால் பார்த்து வாங்கிய பழைய டூரிங் பைக்: ஆறு வருட அனுபவம்

முதல் செகண்ட் ஹேண்ட் டூரிங் பைக்கை நான் கண்ணால் வாங்கினேன். பெயின்ட் பளபளவென்று இருந்தது, பெட்டிகளில் ஒரு கீறல் இல்லை, ஓடோமீட்டரில் 38,000 கிலோமீட்டர். நாலாவது மாதம், ராத்திரி பதினோரு மணி, வீட்டிலிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி, பின்னால் மனைவியும் மூன்று பெட்டி சாமானுமாகப் போய்க்கொண்டிருந்தபோது ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. பத்து நிமிடத்தில் வண்டி நின்றுவிட்டது. மறுநாள் லாரியில் ஏற்றிக் கொண்டுபோன இடத்தில் மெக்கானிக் வண்டியைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மாடல் பெயரைக் கேட்டதும் உள்ளே திரும்பி, "இடது பக்க கவரைக் கழட்டுப்பா, அந்த வெள்ளை சாக்கெட் கருகியிருக்கும்" என்றார். கருகித்தான் இருந்தது. மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து, அதைச் சீராக்கி பெட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டருக்குப் போகிற கனெக்டர்.

அந்த மாடலை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கோளாறாம் அது. எனக்கு மட்டும் தெரியவில்லை. இத்தனைக்கும் அதற்கு ரீகால் (தயாரிப்புக் கோளாறுக்காகக் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்வது) எதுவும் வந்ததில்லை, நான் தேடியிருந்தாலும் ரீகால் பட்டியலில் கிடைத்திருக்காது.

அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு இரண்டாவதாக வாங்கியதுதான் இப்போது வைத்திருப்பது. ஷாஃப்ட் டிரைவ் (செயினுக்குப் பதில் ஒரு தண்டு பின்சக்கரத்தைச் சுழற்றுவது), இரட்டைப் பெட்டி, ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) உள்ள பெரிய வண்டி. வாங்கும்போது ஒன்பது வயது, 62,000 கிலோமீட்டர். இன்று 1,18,000 தாண்டிவிட்டது. கம்பெனி பெயரைச் சொன்னால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்பதால் சொல்லவில்லை. இந்த முறை வாங்கும் முன் மூன்று வாரம் படித்தேன், ஒரு நோட்டில் பட்டியல் போட்டேன். ஆறு வருடத்தில் அந்தப் பட்டியலில் எது நடந்தது, எது நடக்கவில்லை, பட்டியலிலேயே இல்லாமல் எது வந்தது என்பதைத்தான் எழுதப்போகிறேன்.

முதலில் சேஸிஸ் நம்பர். விற்றவர் வயதில் பெரியவர், வண்டியை நன்றாகவே பார்த்துக்கொண்டவர். "ரீகால் எல்லாம் முடிச்சாச்சு தம்பி, ஒண்ணும் பாக்கி இல்ல" என்றார். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். அவர் இரண்டாவது சொந்தக்காரர். ரீகால் கடிதம் பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும். முதல் சொந்தக்காரர் வீடு மாறியிருந்தாலோ வண்டி கைமாறியது பதிவாகாமல் இருந்தாலோ கடிதம் எங்கேயோ கிடக்கும். பதினேழு எழுத்து எண்ணை அவரிடம் வாங்கி சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். அந்த மாடலுக்கு அந்த வருடங்களில் மொத்தம் நான்கு ரீகால். இரண்டு முடிந்திருந்தது. ஒன்று குறிப்பிட்ட சேஸிஸ் வரிசைக்கு மட்டுமானது, இந்த வண்டி அதில் வரவில்லை. நாலாவது பாக்கி.

எண்ணை வாயால் சொல்லிக் குறித்துக்கொள்ளாதீர்கள், பிரேமில் பொறித்திருப்பதைப் படம் எடுங்கள். ஐ, ஓ, கியூ மூன்றும் அந்த எண்ணில் வரவே வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். ஆவணத்தில் இருப்பதும் பிரேமில் இருப்பதும் ஒன்றா என்று அப்போதே பார்த்துவிடலாம், அது தனிக் கதை.

இணையத்தில் எண்ணைப் போட்டுத் தேடும்போது ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்.எச்.டி.எஸ்.ஏ.வின் தேடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது முடிக்கப்படாத ரீகாலை மட்டும்தான் காட்டும், அதுவும் பொதுவாகக் கடந்த 15 வருடங்களுக்குள் வந்தவற்றை. "எதுவும் இல்லை" என்று வந்தால், ரீகாலே வந்ததில்லை என்றும் இருக்கலாம், வந்து சரிசெய்யப்பட்டுவிட்டது என்றும் இருக்கலாம், வண்டி வேறு நாட்டுக்காகத் தயாரானது என்பதால் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றும் இருக்கலாம். மூன்றுக்கும் திரையில் ஒரே பதில். அதனால் எண்ணைப் போட்டுத் தேடுவதோடு, மாடல் பெயரையும் வருடத்தையும் போட்டு அதற்கு வந்த ரீகால் மொத்தத்தையும் தனியாக எடுத்துவைத்தேன். எவை வந்தன என்று தெரிந்தால்தானே எவை முடிந்தன என்று கேட்க முடியும்.

பழைய ரீகால்களைப் படித்த அந்த மூன்று வாரத்தில் வண்டிகளைப் பற்றி நான் கற்றது அதிகம். ஹோண்டா கோல்டு விங் ஜி.எல்.1800 வண்டிகளை 2011 டிசம்பரில் திரும்ப அழைத்தார்கள். 2001 முதல் 2010 வரையிலும் 2012-லும் வந்த மாடல்கள், அமெரிக்காவில் மட்டும் கிட்டத்தட்ட 1,26,000 வண்டிகள். முன், பின் பிரேக்கை இணைக்கும் அமைப்பில் இரண்டாவது மாஸ்டர் சிலிண்டர் சரியாக விடுபடாமல் பின் பிரேக் பிடித்தபடியே இருக்கும், சூடேறித் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு என்பது காரணம். அத்தோடு முடியவில்லை. அதே கோளாறுக்கு 2014-ல் மறுபடி அழைத்தார்கள். 2012-ல் செய்த வேலைக்கான பில்லைக் காட்டி "ரீகால் முடிந்தது" என்று ஒருவர் சொன்னால், எந்த ரீகால் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஹார்லி டேவிட்சன் கதை இன்னும் யோசிக்க வைத்தது. 2008 முதல் 2011 வரையிலான டூரிங் மாடல்கள் உட்பட அமெரிக்காவில் சுமார் 1,75,000 வண்டிகளை 2018-ல் அழைத்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய பிரேக் ஆயிலை மாற்றாமல் விட்டால் ஏ.பி.எஸ். யூனிட்டின் வால்வுகளில் படிவு சேர்ந்து பிரேக்கே பிடிக்காமல் போகலாம் என்பது பிரச்சினை. விசாரணை 2016-லேயே தொடங்கிவிட்டது. ரீகால் அறிவிப்பு வந்தபோது வண்டிகளுக்கு ஏழு முதல் பத்து வயது. 2015-ல் அதில் ஒன்றை வாங்கியவர் ரீகால் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது. சர்வீஸ் புத்தகத்தில் பிரேக் ஆயில் மாற்றிய தேதியைத் தேடியிருந்தால் தெரிந்திருக்கும்.

பி.எம்.டபிள்யூ பற்றி இரண்டு. 2014-ல் புதிதாக வந்த லிக்விட் கூல்டு ஆர்1200ஆர்டி-யில் பின் சஸ்பென்ஷனின் பிஸ்டன் ராடு உடையலாம் என்று தெரிந்ததும், அந்த அமைப்பு பொருத்திய வண்டிகளை ஓட்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். புத்தம் புது வண்டிகள். ஒரு தலைமுறையின் முதல் வருட வண்டியை வாங்குவதில் எனக்குத் தயக்கம் வந்தது இதற்குப் பிறகுதான். இன்னொன்று 2015-ல் வந்தது: பழைய ஆர், கே வரிசை வண்டிகளின் பின்சக்கரம் பூட்டப்படும் அலுமினிய வளையம் (ஃபிளாஞ்ச்). போல்ட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் அதில் விரிசல் விழும். வீட்டிலேயே எல்லாம் கழற்றிப் பூட்டும் ஆசாமியிடமிருந்து வாங்கும்போது, "டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்திருக்கிறீர்களா?" என்று நான் கேட்பதன் பின்னணி இதுதான். ஒருவர் கோபித்துக்கொண்டார். பரவாயில்லை.

இனி ரீகாலில் வராதவை. ஹார்லியின் 1999 முதல் 2006 வரையிலான ட்வின் கேம் எஞ்சின்களில் கேம் செயின் டென்ஷனரின் (எஞ்சினுக்குள் இருக்கும் செயினைத் தளராமல் அழுத்திப் பிடிக்கும் பாகம்) பிளாஸ்டிக் ஷூ தேயும். பழைய கோல்டு விங் ஜி.எல்.1200-ல் ஸ்டேட்டர் போனால் எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். இவை அந்த வண்டியோடு பழகிய மெக்கானிக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வருகிற விஷயங்கள். ஆனால் சொந்தக்காரர்களின் புகார்களை வரிசையாகப் படித்தால் உலகத்தில் ஒரு வண்டிகூட ஓடாது என்று தோன்றிவிடும். நன்றாக ஓடுகிறவன் எழுதுவதில்லை. நான் வைத்துக்கொண்ட கணக்கு இதுதான்: ஒருவரை ஒருவர் தெரியாத நாலைந்து பேர், ஒரே பாகம், ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர், ஒரே மாதிரி அறிகுறி. அப்படி வந்தால் நோட்டில் ஏறும். என் வண்டிக்கு மூன்று ஏறியது. சார்ஜிங் கனெக்டர் (மறுபடியும்!), பின் ஃபைனல் டிரைவ் (தண்டின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொடுக்கும் பகுதி) பேரிங், கேம் செயின் டென்ஷனர்.

வண்டி பார்க்கப் போன அன்று, எஞ்சினை முன்கூட்டியே ஓட்டி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் எஞ்சின் மேல் கை வைத்துப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால்தான் டென்ஷனர் சத்தம் காட்டிக்கொடுக்கும். இரண்டு நொடி கலகலத்து அடங்கியது. "எல்லா வண்டியும் அப்படித்தான் தம்பி" என்றார் பெரியவர். பெட்டரி முனைகளில் மல்டிமீட்டர் வைத்தேன்: நிறுத்தியிருக்கையில் 12.7 வோல்ட், ஓடும்போது 14.1. நல்ல அளவு. ஆனாலும் கவரைக் கழற்றிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கனெக்டரின் ஓரம் தேநீர் நிறத்தில் லேசாகப் பழுத்திருந்தது. மீட்டர் சொல்லாததை அது சொன்னது.

சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை. பத்துக் கிலோமீட்டர் பின் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி வந்து பின் டிஸ்க் அருகே கை கொண்டுபோனேன், அனல் இல்லை. கடைசியாகப் பேச்சு. "ஏதாவது பிரச்சினை உண்டா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "ஃபைனல் டிரைவ் ஆயில் கடைசியா எப்ப மாத்தினீங்க ஐயா?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "அதுக்கும் ஆயில் மாத்தணுமா?" என்றார். விலை அங்கே கொஞ்சம் இறங்கியது.

இனி ஆறு வருடம். பாக்கியிருந்த ரீகாலை இலவசமாகச் செய்துகொடுத்தார்கள், பாகம் வர ஐந்து வாரம் ஆனது. கனெக்டரை இரண்டாவது மாதமே வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை நேராக சால்டர் செய்து, ரெகுலேட்டரையும் மாற்றினேன். அதன்பிறகு சார்ஜிங் பக்கம் ஒரு தொந்தரவும் இல்லை. ஃபைனல் டிரைவ் ஆயிலைப் பத்தாயிரத்துக்கு ஒருமுறை மாற்றி, டிரெயின் பிளக் காந்தத்தைத் துடைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. வழக்கமாக தேய்ந்த இரும்புத் தூள் மை போல வழுவழுப்பாக ஒட்டியிருக்கும். 91,000-ல் நகத்தில் சிக்குகிற மாதிரி இரண்டு துணுக்கு இருந்தது. அடுத்த வாரம் 2,000 கிலோமீட்டர் பயணம் போட்டிருந்தோம். அதை நிறுத்திவிட்டுப் பேரிங்கை மாற்றினோம். கழற்றிய பேரிங்கில் குழி விழ ஆரம்பித்திருந்தது. வீட்டில் முதலில் முகம் சுளித்தார்கள், பேரிங்கைக் காட்டிய பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

டென்ஷனர்? இன்றும் காலையில் இரண்டு நொடி கலகலக்கிறது, அடங்குகிறது. ஆறு வருடமாக அதே இரண்டு நொடி. பயந்து பயந்து உதிரி பாகம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், தூசு படிகிறது. பெரியவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

நான் ஏமாந்த இடம் வேறு. முடிந்துவிட்டதாகப் பதிவாகியிருந்த இரண்டு ரீகாலில் ஒன்று, ஸ்டியரிங் கழுத்தருகே வயரிங் பிரேமில் உரசுவதைப் பற்றியது. வயரை வழி மாற்றி, உறை போட்டு, கிளிப்பில் கட்ட வேண்டும். பில் இருந்தது, உறையும் இருந்தது. கிளிப் மட்டும் இல்லை, எவரோ மாட்ட மறந்திருக்கிறார். உறையோடு சேர்ந்து வயர் மூன்று விரல் கீழே இறங்கி வேறோர் இடத்தில் மூன்று வருடம் உரசியிருக்கிறது. ஒரு நாள் ஹேண்டிலை முழுக்க இடப்பக்கம் திருப்பியதும் வண்டி அணைந்தது. நடு ரோட்டில் இல்லை, பார்க்கிங்கில். ரீகால் அறிக்கையில் சரிசெய்த பின் எப்படி இருக்க வேண்டும் என்ற படம் இருந்தது. வாங்கும்போதே டேங்க்கைத் தூக்கி அந்தப் படத்தோடு ஒப்பிட்டிருந்தால் பத்து நிமிட வேலை. பில்லைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

பட்டியலிலேயே இல்லாமல் வந்து அதிகம் படுத்தியது சைடு ஸ்டாண்டு சுவிட்ச். மழையில் மட்டும் எஞ்சின் அணையும், காய்ந்தால் கிளம்பும். மூன்று வாரம் ஃப்யூயல் பம்ப், காயில், பிளக் வயர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டோம். கடைசியில் ஒரு சின்ன சுவிட்ச்சுக்குள் சேறு. எவருடைய புகாரிலும் நான் இதைப் பார்த்ததில்லை.

வருடத்துக்கு ஒருமுறை, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் நாளில், சேஸிஸ் நம்பரை மறுபடி போட்டுப் பார்க்கிறேன். கம்பெனிப் பதிவிலும் என் பெயரையும் முகவரியையும் மாற்றிவைத்திருக்கிறேன். போன மாதம் பார்த்தபோது புதிதாக எதுவும் இல்லை. முன்பக்க இடது ஃபோர்க்கின் ஆயில் சீல் கசிய ஆரம்பித்திருக்கிறது, பிரேக் ஆயிலுக்கும் இரண்டு வருடம் முடிகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்க்க வேண்டும்.