ரிசீவரைத் தூக்கினால் யாருடைய இணைப்பு அறும்? ஒரே லைனில் ஏடிஎஸ்எல்லும் டயல்-அப்பும், நாலு வருடப் பாவனை

திருகோணமலை உவர்மலையில் வீடு எடுத்திருக்கும் நண்பரின் கேள்வி இது. முன்பக்கம் வீட்டுக்காரர், பின்னால் அனெக்ஸ், மாடியில் இரண்டு அறை. தொலைபேசி லைன் ஒன்றுதான். முன்பக்கத்தில் ஏடிஎஸ்எல், அதாவது தொலைபேசிக் கம்பியிலேயே எப்போதும் இணைந்திருக்கும் இன்டர்நெட், இருக்கிறது. மாடியில் இருப்பவர் தன் அலுவலகத்து சேர்வருக்குள் டயல்-அப்பில், அதாவது மொடத்தால் தொலைபேசி அழைப்பு எடுத்துத்தான், நுழைய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஓடும். எங்கள் வீட்டில் நாலு வருடமாக ஓடுகிறது. கோபம் அதில் இல்லை, கூடத்து மேசையில் இருக்கும் தொலைபேசியில் இருக்கிறது.

குரல் 300 முதல் 3400 ஹேர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். டயல்-அப் மொடமும் அந்தக் குரல் பாதைக்குள் நின்றுதான் கத்துகிறது. ஏடிஎஸ்எல் 25 கிலோஹேர்ட்ஸுக்கு மேலே தொடங்கி 1104 வரை போகும், அதன் வேகமான பதிப்பான ஏடிஎஸ்எல்2+ என்றால் 2208 வரை. நடுவில் போதிய இடைவெளி இருப்பதால் மாடியில் டயல்-அப் இரையும்போது கீழே தரவிறக்கம் அசையாது. டயல்-அப்புக்குப் போட்டி ஏடிஎஸ்எல் இல்லை, கதைக்கிற மனிதர்கள்தான்.

டயல்-அப் ஓடும்போது யாராவது ஒரு எக்ஸ்டென்ஷன் ரிசீவரைத் தூக்கினால் கதை முடிந்தது. தூக்கியவரின் காதுக்குள் கீச்சிடும், மாடியில் இணைப்பு அறும். முக்கால்வாசி ஏறிய ஃபைல் திரும்பப் பூச்சியத்திலிருந்து. ஏடிஎஸ்எல் விளக்கோ ஒன்றும் நடக்காததுபோல எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கத்தான் மாடிக்காரருக்கு இன்னும் ஆத்திரம் வரும். 'லைன் பாவனையில்' என்று அட்டை எழுதி ரிசீவரில் தொங்கவிடுவது ஒரு கிழமைக்கு மேல் நிற்காது. விருந்தாளிக்கு அட்டை தெரியாது, பிள்ளைகளுக்கு அட்டையே விளையாட்டு.

இதற்கு வழி மொடத்துக்குள்ளேயே இருக்கிறது. கணினி மொடத்தின் பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று லைன், மற்றது ஃபோன். சுவரிலிருந்து வரும் வயரை லைன் துளையில் செருகுங்கள். வீட்டுத் தொலைபேசிகள் எல்லாவற்றுக்கும் போகும் வயரை ஃபோன் துளையிலிருந்து தொடங்குங்கள். மொடம் லைனைப் பிடித்தவுடன் உள்ளே இருக்கும் ரிலே என்னும் மின் சுவிட்ச் ஃபோன் துளையைத் துண்டித்துவிடும். அதன்பின் யார் தூக்கினாலும் வெறும் மௌனம். கணினி நிறுத்தியிருந்தாலும் தொலைபேசி வேலை செய்யும், ரிலே ஓய்வில் இருக்கும்போது வழி திறந்தே இருக்கும். ஆனால் மலிவான சில மொடங்களில் இரண்டு துளையும் சும்மா ஒன்றோடொன்று சேர்த்திருக்கும், ரிலே இராது. டயல் பண்ணிவிட்டு ரிசீவரைத் தூக்கிப் பாருங்கள். கீச்சிட்டால் அந்த மொடம் இந்த வேலைக்கு உதவாது.

இங்கே ஒரு குழி இருக்கிறது. எங்கள் பக்கத்து டயல் டோனை மொடம் அடையாளம் காணாவிட்டால், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மருந்து ஏடிஎக்ஸ்3 கட்டளை, அதாவது டோனுக்குக் காத்திராமல் டயல் பண்ணு என்பது. தனி வீட்டில் நல்ல மருந்து. பொது வீட்டில், கீழே யாரோ கதைத்துக்கொண்டிருக்கும்போது மொடம் பேச்சைப் பறித்துக்கொண்டு அதற்குள்ளேயே எண்களை அடிக்கத் தொடங்கும். டோனுக்குக் காத்திருக்கும் எக்ஸ்4 இல் விட்டால் டோன் இல்லை என்று சொல்லித் தானாக விலகும், கதைப்பவருக்குச் சில விநாடி அந்தரம் மட்டும். முடிந்தவரை எக்ஸ்4 தான். கூடவே எஸ்10 என்ற மொடம் அமைப்பையும் கூட்டிவையுங்கள். அது பத்தில் ஒரு விநாடிக் கணக்கு, எஸ்10=100 என்றால் சத்தம் அறுந்தாலும் 10 விநாடி பொறுத்துத்தான் மொடம் லைனை விடும். கோல் வெயிட்டிங் பீப்புக்கு அநேகமாக அது போதும், ஆனால் அந்த வசதியையே நிறுத்திவிடுவது இன்னும் நல்லது.

ஏடிஎஸ்எல் சத்தம் தொலைபேசிக்குள் வராமல் தடுக்கும் ஃபில்டர் விஷயத்தில் நண்பர் ஏற்கெனவே பிழை விட்டிருக்கிறார், ஒவ்வொரு தொலைபேசிக்கும் ஒன்றாக ஐந்து வாங்கியிருக்கிறார். ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கும் கப்பாசிற்றர் லைனில் கொஞ்சம் பாரம் ஏற்றும். மூன்று நாலுக்கு மேல் போனால் குரலும் மங்கும், டயல்-அப் வேகமும் விழும். லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் குரலையும் ஏடிஎஸ்எல்லையும் பிரிக்கும் ஒரே ஒரு ஸ்பிளிட்டர் போடுங்கள். அதற்கு மூன்று வாய்: லைன், மொடம், ஃபோன். மொடம் வாயிலிருந்து ஏடிஎஸ்எல் ரவுட்டருக்கு நேரே ஒரு வயர், இடையில் எதுவும் கூடாது. ஃபோன் வாயிலிருந்து டயல்-அப் மொடத்துக்கு, அதன் ஃபோன் துளையிலிருந்து வீடு முழுக்க. ரவுட்டரைத் தவறி ஃபோன் வாயில் செருகினால் டிஎஸ்எல் விளக்கு கண்சிமிட்டிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் நிலைக்காது. ஸ்பிளிட்டர் போட்டபின் பழைய குட்டி ஃபில்டர்களைக் கழற்றிவிடுங்கள். அதன் மேல் இது என்று இரட்டிப்பாகப் போட்டால் கிணற்றுக்குள் இருந்து கதைப்பதுபோலக் கேட்கும்.

ரவுட்டருக்குப் போகும் தட்டை வயர் 3 மீற்றருக்குள் இருக்கட்டும். தட்டை வயரில் முறுக்கு இல்லை, மின்விசிறி ரெகுலேட்டர், டியூப் லைற் சத்தம் எல்லாவற்றையும் உறிஞ்சும். தூரம் கூட என்றால் முறுக்கிய ஜோடிகள் கொண்ட கட்5 கேபிளில் நீல ஜோடி ஒன்றைப் பாவியுங்கள். ஆர்ஜே11 என்ற தொலைபேசி முனையில் நடு இரண்டு கம்பிதான் வேலை செய்யும்.

இனி ஊர்க் கதை. திருகோணமலையில் லைனைக் கெடுப்பது உப்புக்காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த சுவரில் பெட்டி இருந்தால் உள்ளே செம்பில் பச்சைக் களிம்பு கட்டும். சோளகம் வீசும் மாதங்களில் ஒன்றும் தெரியாது, வாடை தொடங்கி அடைமழை இறங்கியதும் கரகரப்பு. வெறும் முறுக்கிச் சுற்றிய டேப் ஜாயிண்ட்டுகளை வெட்டி எறிந்துவிட்டு, உள்ளே ஜெல் நிறைத்த சின்ன அழுத்து கனெக்டர் போடுங்கள். சுவர்ப் பெட்டி கம்பி நுழையும் துளை கீழே பார்த்தபடி இருக்க வேண்டும். வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

களிம்பு ஜாயிண்ட் காட்டும் வித்தை ஒன்று உண்டு. டயல்-அப் ஓடும்போது ஏடிஎஸ்எல் இன்னும் நன்றாக ஓடும், டயல்-அப்பை நிறுத்தினால் தடுமாறும். தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் உண்டு: டயல்-அப் ஓடுவதும் ரிசீவர் தூக்கிய நிலைதான், அப்போது ஓடும் நேர்மின்னோட்டம் கெட்ட ஜாயிண்ட்டைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருக்கிறது. இன்னொன்று, இரண்டு கம்பியில் ஒன்று முழுதாக அறுந்தாலும் ஏடிஎஸ்எல் அந்த வெட்டைத் தாண்டி முடமாக ஓடும், டயல் டோன் மட்டும் செத்திருக்கும். 'இன்டர்நெட் வருகுதே, லைன் நல்லம்தான்' என்று வருகிற திருத்துநரும் சொல்வார். விடாதீர்கள். மல்டிமீற்றரில், ரிசீவரைத் தூக்காமல் அதன் இடத்தில் வைத்திருக்கும்போது 48 வோல்ட் அளவில் காட்ட வேண்டும்.

பிழை உள்ளேயா வெளியேயா என்று பார்க்க, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ரவுட்டரை மட்டும் நுழைவுப் பெட்டியில் செருகி, அதன் அமைப்புப் பக்கத்தில் காட்டும் நொய்ஸ் மார்ஜினை (இரைச்சலுக்கு மேல் சிக்னலுக்கு மிஞ்சும் அளவு) குறியுங்கள். 6 டெசிபெலுக்குக் கீழே என்றால் விட்டுவிட்டு அறும், 10 க்கு மேல் நிம்மதி. அட்டனுவேஷனையும் (வழியில் சிக்னல் இழக்கும் பலம்) எழுதுங்கள். மெல்லிய 0.4 மில்லிமீற்றர் செம்பில் கிலோமீற்றருக்குச் சுமார் 14 டெசிபெல், ஆகவே 42 என்றால் எக்ஸ்சேஞ்ச் 3 கிலோமீற்றர் தூரம். அதை மாற்ற உங்களால் முடியாது. பிறகு ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் செருகியதும் மார்ஜின் பட்டென்று விழுகிறதோ, அதுதான் கள்ளன்.

இடி இடித்தால் ஸ்பிளிட்டருக்கு முன்னால் லைனைக் கழற்றுங்கள். முதலில் சாவது டயல்-அப் மொடம்தான், ஃபில்டர் எதையும் காப்பாற்றாது.

பில் பற்றியும் சொல்ல வேண்டும். ஏடிஎஸ்எல் மாத வாடகை, டயல்-அப் நேரக் கணக்கு, இரண்டும் வீட்டுக்காரர் பெயரில் வரும். மாடிக் கணினிக்கு இரண்டு இணைப்பும் இருந்தால், விண்டோஸில் தானாக டயல் பண்ணும் வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் ஏடிஎஸ்எல் அறுந்த நொடியில் அது சத்தமின்றி டயல் பண்ணும், மாத முடிவில் பில் சத்தம் போடும். டயல்-அப்பின் டிசிபி/ஐபி அமைப்பில் தொலை வலையமைப்பின் கேட்வேயை (வெளியே போகும் வாசல்) பாவிக்கும் தெரிவில் உள்ள சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். அதை விட்டுவைத்தால் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் மற்ற எல்லாமே அந்த நாலைந்து கிலோபைட் ஓட்டைக்குள்ளால் போகப் பார்க்கும். டயல்-அப் சும்மா கிடந்தால் 5 நிமிடத்தில் அறுக்கும்படி வையுங்கள். நேரத்தைக் குறிக்கக் கூடத்தில் ஒரு கொப்பி.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் நல்ல ஏற்பாடு. ஸ்பிளிட்டருக்குப் பழுது என்ற ஒன்றே வரவில்லை, ஏடிஎஸ்எல் டயல்-அப்பால் ஒருநாளும் அறவில்லை. ஆனாலும் நண்பருக்கு என் பதில், செய்யாதீர்கள். மூன்று குடித்தனம், ஒரு டயல் டோன் என்பது வயரால் தீர்கிற காரியம் இல்லை. ரிலே ரிசீவரை ஊமையாக்கும், ஆனால் வெளியிலிருந்து அழைப்பவருக்கு மணிக்கணக்காக எங்கேஜ் டோன்தான், அந்தக் குறை மாடிக்காரர் தலையில்தான் வந்து விழும். இரண்டாவது லைனுக்கு விண்ணப்பம் போடுங்கள். அது வரும்வரை, படுக்கையறை எக்ஸ்டென்ஷனை மட்டும் இன்றைக்கே கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள்.