சனிக்கிழமை அரபி: இரண்டரை வருஷ அனுபவம்

சின்ன வயதில் மதரசாவில் ஓதக் கற்றவன் நான். அரபு எழுத்தைக் காட்டினால் கடகடவென்று வாசிப்பேன். என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிப்பேன். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மூன்று மாடி மேலே குடியிருக்கும் அண்ணனுக்கு நேர்மாறான சிக்கல். சரக்குக் கப்பல் வேலை, தினமும் துபாய், ஓமான் ஆட்களோடு பேச்சு. காதில் நிறையச் சொற்கள் விழுந்திருக்கின்றன, ஆனால் அலிஃப் கூட எழுதத் தெரியாது. சரி, சேர்ந்து படிப்போம் என்று புளோக்குக்குக் கீழே கல்மேசையில் சனிக்கிழமை காலைகளில் உட்கார ஆரம்பித்தோம்.

எடுத்துக்கொண்டது மதீனா பாடப்புத்தகம். அதை எழுதிய வி. அப்துர் ரஹீம் நம் வாணியம்பாடிக்காரர் என்பது பாதிப் புத்தகம் தாண்டித்தான் எங்களுக்குத் தெரிந்தது. 'மா ஹாதா? ஹாதா பைத்துன்' (இது என்ன? இது வீடு) என்று தொடங்கும். விளக்கமும் அரபியிலேயே இருப்பதால் முதல் மாதம் கண்ணைக் கட்டியது. முதல் பாகத்தின் 23 பாடங்களை முடிக்க 11 மாதம் ஆனது. உதாரணம் மேல் உதாரணமாக வருவதால் இலக்கணம் தானாகப் படிகிறது, அது பெரிய பலம். ஆனால் வீடு, பள்ளிவாசல், வகுப்பறையைச் சுற்றியே சொற்கள். அண்ணனுக்கு வேண்டிய கண்டெய்னர், சுங்கவரி எதுவும் அதில் கிடைக்கவில்லை.

கிழமைப் பெயர்களுக்கு ஐந்து நிமிஷம்தான் செலவானது. மலாயில் செலாசா, ராபு, காமிஸ் என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு தலாதா, அர்பிஆ, கமீஸ் புதிதா என்ன?

வேர்ச்சொல்லுக்கு வந்தபோதுதான் கூட்டாளியின் அருமை தெரிந்தது. அரபியில் பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களில் முளைப்பவை. தர்ஸ் என்றால் பாடம், முதர்ரிஸ் ஆசிரியர், மதரசா படிக்கும் இடம். ஒருநாள் அண்ணன் ஆபீஸ் தாள் ஒன்றில் 'நக்ல்' என்ற சொல்லைக் காட்டினார். "தம்பி, இதைப் போக்குவரத்துங்கிறாங்க. எனக்கு நம்ம நகல் மாதிரியே கேக்குதே?" அகராதியைப் புரட்டினோம். ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் அந்த வேர். சரக்கைக் கொண்டுபோனால் போக்குவரத்து, எழுத்தைக் கொண்டுபோனால் நகல். அன்றைக்குப் பாடம் அதோடு சரி. மீதி நேரம் முழுக்க வக்கீல், பாக்கி, ஆஜர், ரத்து, அசல் என்று நம் ஊர்த் தாலுகா ஆபீஸ் சொற்களை அரபியில் தேடிக்கொண்டிருந்தோம். தனியாகப் படித்திருந்தால் அந்தத் தாள் என் கைக்கே வந்திருக்காது.

கூட்டாளியால் கெட்டதும் உண்டு. அரபு ஸ்திரீட் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில், எகிப்துக்கார ஊழியரிடம் எங்கள் அரபியை எடுத்துவிட்டோம். 'கோடை சூடாக இருக்கிறது' என்று அண்ணன் சொன்னார். சிங்கப்பூரில் எந்தக் கோடை என்று கேட்காதீர்கள், பாடத்தில் இருந்த வாக்கியம். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அரபியில் 'ஸ' ஒலிக்கு இரண்டு எழுத்து: அழுத்திச் சொல்லும் ஸாத், சாதாரண ஸீன். ஸாத் போட்டு ஸைஃப் என்றால் கோடை, ஸீன் போட்டால் வாள். வாள் சூடாக இருக்கிறதாம்! உஸ்தாத் பிரம்போடு கற்றுத்தந்த ஸாத் என் வாயில் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது, அதைத்தான் அண்ணனுக்கும் கொடுத்திருக்கிறேன். ஒரு வருஷமாக ஒருவர் தப்பை ஒருவர் கேட்டு "சரி, சரி" என்று தலையாட்டியிருக்கிறோம். அப்புறம் 'மாதா துரீத்' (என்ன வேண்டும்?) என்று நாங்கள் கேட்டதற்கு, செய்தி வாசிப்பவர் மாதிரி பேசுகிறீர்கள் என்றார். அவர்கள் ஊரில் 'ஆயிஸ் ஏ' என்றால் போதுமாம்.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அரபியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் போகிறோம். செலவை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொள்கிறோம். இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும்.

போன மாதம் தேக்கா சந்தையில் சாமான் வாங்கிவிட்டு டன்லப் ஸ்திரீட் வழியே வந்தோம். அங்கே அப்துல் கஃபூர் பள்ளிவாசல் முகப்பில் சூரியன் மாதிரி ஓர் அலங்காரம் உண்டு. 25 கதிர்கள், அவற்றில் 25 நபிமார்கள் பெயர். அண்ணன் காய்கறிப் பையை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணாந்து பார்த்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்ட ஆரம்பித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நாலாவது பெயருக்குள் கீரை வாடிவிட்டது.