கும்பகோணம் சீனரின்னு சொல்லி ஏமாத்தறாங்க: காசு அனுப்பும் முன் இதைப் படிங்க

கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற எக்ஸ்-பிளேன் 12 சிமுலேட்டர்ல பறக்கிற நம்ம ஆட்களுக்காக எழுதறேன். காவிரி டெல்டா ஊர்களை "ஒவ்வொரு கட்டடமும் கையால் மாடல் செய்தது" என்று சொல்லி ஒருத்தர் சீனரி (சிமுலேட்டர்ல சேர்த்துக்கிற ஊர்க் காட்சி) விக்கிறார். கும்பகோணத்துக்கு மட்டும் 1,450 ரூபாய். வாங்கிடாதீங்க. நான் வாங்கி ஏமாந்துட்டேன்.

விளம்பரப் படத்துல சாரங்கபாணி கோயில் கோபுரம் பதினோரு நிலையும் எண்ணுற அளவுக்குத் தெளிவா இருந்துச்சு. மகாமகக் குளத்தைச் சுத்தி 16 மண்டபமும் இருந்துச்சு. எங்கப்பா அந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவர். முட்டிவலியால ஊர்ப்பக்கம் போயே மூணு வருஷம் ஆச்சு. அவருக்கு ஊரை மேலேருந்து காட்டணும்ங்கிற ஆசையில, எதையும் விசாரிக்காம யூபிஐ-யில் பணத்தை அனுப்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை அவரைப் பக்கத்துல உட்கார வெச்சு, திருச்சியிலேருந்து செஸ்னா 172-ங்கிற சின்ன விமானத்தைக் கிளப்பினேன். நேர்க்கோட்டுல சுமார் 75 கிலோமீட்டர், அரைமணிக்குள்ள போயிடலாம். காவிரி சரியா வளைஞ்சு வந்துச்சு, வயலும் சரி. அதெல்லாம் சாட்டிலைட் படம். ஊருக்கு மேல தாழ இறங்கினதும்தான் பகீர்னுச்சு. சரிவான கூரை போட்ட ஐரோப்பிய வீடுகள், ஒவ்வொண்ணையும் சுத்திப் புல்வெளி. நம்ம தெருவுல திண்ணையை ஒட்டித் திண்ணை இருக்கும், ரெண்டு வீட்டுக்கு ஒரே சுவர் இருக்கும். 173 அடி கோபுரம் நிக்க வேண்டிய இடத்துல வரிசையா ஜன்னல் வெச்ச ஆபீஸ் கட்டடம். மகாமகக் குளம் தரையோட தரையா ஒரு பச்சைத் திட்டு. ஒரு படி இல்ல, ஒரு மண்டபம் இல்ல.

அப்பா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பார்த்தார். "பொற்றாமரைக் குளம் எங்கடா?"ன்னார். நான் ரெண்டு சுத்து சுத்திக் காட்டினேன். "இது நம்ம ஊர் இல்லப்பா"ன்னு எழுந்து போயிட்டார்.

ராத்திரி ஃபோல்டரைப் பிரிச்சுப் பார்த்தேன். உலகத்தை ஒவ்வொரு டிகிரிக் கட்டமா வெட்டித்தான் எக்ஸ்-பிளேன் வெச்சிருக்கும். கும்பகோணம் +10+079 கட்டம், அதாவது அட்சரேகை 10, தீர்க்கரேகை 79. அந்தக் கட்டத்துக்கான கோப்பும் தரையோட சாட்டிலைட் படங்களும் இருந்துச்சு. கையால மாடல் செஞ்சிருந்தா ஓபிஜே கோப்புகள் (கட்டடங்களோட 3டி மாடல்) இருக்கணும். ஒண்ணுகூட இல்ல. கட்டடம் முழுக்க சிமுலேட்டரோட வர்ற லைப்ரரியிலேருந்து எடுத்தது. ஆர்த்தோ4எக்ஸ்பின்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதை ஓட்டினா இந்தத் தரையை நாமளே எடுத்துக்கலாம்.

சிமுலேட்டர் தானா ஊகிச்சுத் தப்பு பண்றதை நான் குத்தம் சொல்லல. 2020-இல் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தப்ப மெல்போர்ன் புறநகர்ல 212 மாடிக் கட்டடம் ஒண்ணு ஒத்தையா நின்னுச்சு. யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துல யாரோ 2-க்குப் பதிலா 212-ன்னு தட்டினதுதான் காரணம். பக்கிங்ஹாம் அரண்மனையே அதுல ஆபீஸ் கட்டடமா இருந்துச்சு. உலகம் முழுக்கக் கட்டும்போது அப்படித்தான் ஆகும். நம்ம சின்ன ஊர்கள்ல கட்டட உயரம், கூரை வகையெல்லாம் பெரும்பாலும் யாரும் பதிஞ்சு வெச்சிருக்க மாட்டாங்க, மென்பொருள் ஊகிக்கத்தான் செய்யும். அந்த ஊகத்தைத் திருத்தித் தர்றேன்னு சொல்லித்தானே இவர் காசு வாங்கினார்? லண்டனை இப்படி வித்திருந்தா அன்னிக்கே மாட்டியிருப்பார். கும்பகோணத்தை யார் சரிபார்க்கப் போறாங்கன்னு நினைச்சிருக்கார். பணம் போனதைவிட எனக்கு அதுதான் வலிக்குது.

பணத்தைக் கேட்டதுக்கு "டிஜிட்டல் பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது"ன்னார். விளம்பரப் படம் எந்தச் சிமுலேட்டர்ல எடுத்ததுன்னு கேட்டேன், பிளாக் பண்ணிட்டார். யாராவது ஊர்ச் சீனரி வித்தா, ஓட்டும்போதே பதிவு பண்ணின வீடியோவை முதல்ல கேளுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு தெருவைச் சொல்லி, அதுக்கு மேல தாழப் பறந்து காட்டச் சொல்லுங்க.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிஞ்சிருக்கேன். இதே ஆள்கிட்ட தஞ்சாவூரோ திருவாரூரோ வாங்கினவங்க இருந்தா, பணம் கட்டின ரசீதையும் விளம்பரப் படத்தையும் அழிக்காம வெச்சுக்கிட்டு எனக்குத் தகவல் சொல்லுங்க, சேர்ந்தே கொடுப்போம்.