முட்டி உள்ளே சாய்கிறதா? ரப்பர் பேண்ட், பேலன்ஸ் போர்டு, கண்ணாடி, குதிப்பு: எதை எடுப்பது?

போனை எதிரே சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிடுங்கள். ஒற்றைக் காலில் நின்று, நாற்காலியில் பாதி உட்காரப்போவதுபோல் மெதுவாக இறங்கி எழுங்கள். அப்புறம் வீடியோவைப் பாருங்கள். முட்டி பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேராகப் போகாமல் கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்ந்தால், பிசியோக்கள் அதை ‘டைனமிக் வால்கஸ்’ என்பார்கள். இருபது வயதுக்காரர்களிடம் இது சர்வசாதாரணம்.

சும்மா நேராக நிற்கும்போதே இரண்டு முட்டியும் ஒட்டிக்கொண்டு கணுக்கால்கள் விலகி நிற்பது வேறு சமாச்சாரம். அது பெரும்பாலும் எலும்பின் அமைப்பு. வளர்ச்சி முடிந்தபின் எந்த உடற்பயிற்சியும் எலும்பை நிமிர்த்தாது. ‘முப்பதே நாளில் நேரான கால்’ என்று வரும் வீடியோக்களைத் தாராளமாகத் தள்ளிவிடலாம். நாம் பேசப்போவது அசையும்போது வரும் சாய்வைப் பற்றி. அதைப் பயிற்சியால் மாற்ற முடியும்.

சாய்ந்தால்தான் என்ன என்று கேட்கலாம். 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 205 இளம் வீராங்கனைகள் குதித்து இறங்கும் விதத்தை முன்கூட்டியே பதிவு செய்துவைத்துப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 9 பேருக்கு முட்டிக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. மற்றவர்களைவிட அந்த 9 பேரின் முட்டிதான் இறங்கும்போது அதிகமாக உள்ளே சாய்ந்திருந்தது. எண்ணிக்கை சிறியது, ஆனால் இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படும் ஆய்வு.

காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை. இரண்டு குதிகாலுக்கும் அடியில் ஓரிரண்டு அங்குல உயரத்துக்குக் கட்டையோ வெயிட் பிளேட்டோ வைத்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழும் பயிற்சி) செய்யுங்கள். முட்டி திடீரென்று ஒழுங்காகப் போனால், இடுப்பைவிடக் கணுக்கால் இறுக்கத்தின் மேல்தான் முதல் சந்தேகம். அப்படிப்பட்டவர் கெண்டைக்கால் தசையை இழுத்துவிடுவதிலும், சுவரைப் பார்த்து நின்று குதிகால் எழும்பாமல் முட்டியால் சுவரைத் தொடுவதிலும் தொடங்கட்டும். ஜிம்மில் இதை யாரும் பார்ப்பதில்லை. காலில் மாட்டி இழுக்கும் ரப்பர் பேண்டை நேராகக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, அந்தப் பேண்டிலிருந்தே வருவோம். நம்பிக்கை என்னவென்றால், இடுப்பின் பக்கவாட்டில் உள்ள பிட்டத் தசை பலவீனமாக இருந்தால் தொடை உள்ளே திரும்பும், முட்டியும் கூடவே போகும். எனவே அந்தத் தசையை வலுவாக்கு. விலை குறைவு, ஹாஸ்டல் அறையிலும் செய்யலாம். சொல்லப்போனால் பேண்டே இல்லாமலும் செய்யலாம்: 2009-இல் பல பயிற்சிகளில் தசை வேலை செய்யும் அளவை ஒப்பிட்டபோது, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்கும் எளிய பயிற்சிதான் இந்தத் தசையை அதிகமாக வேலை வாங்கியது. தசை வலுவாகும், அதில் ஐயமில்லை. முட்டி நேராகுமா என்பதுதான் சிக்கல்.

ஆய்வாளர்கள் ரிச்சர்ட் வில்லியும் ஐரீன் டேவிஸும் 2011-இல் இதைத்தான் சோதித்தார்கள். ஓடும்போது தொடை உள்ளே போகும் பெண்களுக்கு ஆறு வாரம் இடுப்புத் தசைப் பயிற்சியும், ஒற்றைக்கால் ஸ்குவாட்டைச் சரியாகச் செய்யும் பயிற்சியும் கொடுத்தார்கள். வலு கூடியது, ஸ்குவாட் திருந்தியது. ஓட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அடுத்த ஆண்டு, முட்டிவலி உள்ள ஓட்டக்காரப் பெண்களை டிரெட்மில்லுக்கு முன் கண்ணாடி வைத்து, தங்கள் முட்டியைப் பார்த்துத் திருத்திக்கொண்டே ஓடச் சொன்னார்கள். எட்டே அமர்வுகள். ஓட்டம் மாறியது, வலி குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் மாற்றம் நின்றது. இன்னும் சுவையான விஷயம், யாரும் சொல்லித்தராத ஒற்றைக்கால் ஸ்குவாட்டும் படி இறங்குவதும்கூடத் திருந்தியிருந்தன. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான். இருந்தாலும் பேண்டா கண்ணாடியா என்றால் நான் கண்ணாடி பக்கம். எந்த அசைவில் முட்டி சாய்கிறதோ அந்த அசைவையே மெதுவாக, பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டும். காசும் ஆகாது, அலமாரிக் கண்ணாடி போதும். கஷ்டம் சலிப்பில்தான் இருக்கிறது.

பேலன்ஸ் போர்டும் (ஆடும் பலகை) போசு பந்தும் (பாதிப் பந்து வடிவ மேடை) பார்க்க அழகு; இன்ஸ்டாகிராமுக்குப் பொருத்தமானவை. அவற்றின் மேல் தினமும் நின்றால் அவற்றின் மேல் நிற்பதில் கெட்டிக்காரராவீர்கள். சமநிலைப் பயிற்சியின் பலன் பழகிய வேலையைத் தாண்டி மற்றவற்றுக்கு அதிகம் பரவுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கணுக்கால் சுளுக்கு ஒருமுறை வந்தவருக்கு மட்டும் போர்டு உண்மையிலேயே உதவும். நெதர்லாந்து வாலிபால் வீரர்களிடம் நடந்த, 2004-இல் வெளியான ஆய்வில் அப்படிப்பட்டவர்களுக்கு மறுசுளுக்கு குறைந்தது. ஆனால் அதே ஆய்வில், ஏற்கெனவே முட்டியில் அடிபட்டவர்களுக்கு முட்டியின் அதிகப் பயன்பாட்டுக் காயங்கள் கூடின. பெட்டியின் மேல் யாரும் இதை அச்சடிப்பதில்லை. முட்டிக்காக மட்டும் போர்டு வாங்குவது வீண் என்பது என் முடிவு.

கடைசியாக, குதித்து இறங்கும் பயிற்சி கலந்த வார்ம்-அப். இதில் பெயர் பெற்றது ஃபிஃபாவின் ‘11+’. மொத்தம் 15 பயிற்சிகள், பழகிவிட்டால் 20 நிமிடம்: ஓட்டம், வலு, ஒற்றைக்கால் சமநிலை, குதிப்பு, திடீர்த் திருப்பம். முட்டியை உள்ளே சாயவிடாதே என்ற கட்டளை இதன் அடிநாதம். நார்வேயில் 13 முதல் 17 வயதுள்ள 1,892 கால்பந்துப் பெண்களிடம் சோதித்ததில் (2008) மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, கடுமையானவை பாதிக்குச் சற்றே குறைவாகக் குறைந்தன. பேண்டும் கண்ணாடியும் வலுவையும் அசைவையும் வலியையும் மாற்றிக் காட்டின; போர்டு கணுக்கால் மறுசுளுக்கை மட்டும் குறைத்தது. இதுவோ ஆடுகளத்தில் மொத்தக் காயத்தையே குறைத்துக் காட்டியது. கபடி, ஷட்டில், கூடைப்பந்து ஆடுபவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது செய்யாவிட்டால் பலனை எதிர்பார்க்கக் கூடாது. விளையாடாமல் மேசை முன்னாலேயே இருப்பவர் நேராகக் குதிப்பில் இறங்க வேண்டாம். சில வாரம் கண்ணாடி முன் ஸ்குவாட், கூடவே படுத்துக் கால் தூக்குவது. முட்டி வீங்கியிருந்தாலோ, நடுவில் மாட்டிக்கொண்டாலோ, நழுவுவதுபோல் இருந்தாலோ முதலில் எலும்பு மருத்துவர்.

எதை எடுத்தாலும் அளந்து பாருங்கள். தரையில் டேப் ஒட்டி, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை முன்னால், பின்னால் உள்பக்கம், பின்னால் வெளிப்பக்கம் என மூன்று திசையில் எட்டும் வரை நீட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், முன்பக்கம் எட்டும் தூரம் இரண்டு காலுக்கும் 4 செ.மீ. அல்லது அதற்கு மேல் வேறுபட்டவர்களுக்குக் காயம் அதிகம் வந்தது. வலக்கால், இடக்கால் கணக்கைத் தனித்தனியாக எழுதி, ஆறு வாரம் கழித்து மறுபடி அளங்கள். இடைவெளி அப்படியே இருந்தால் பின்தங்கிய காலுக்கு ஒரு சுற்று கூடுதல்.