விலை பாதியானாலும் இந்த ஸ்டைல் எடிட்டரை வாங்காதீர்கள்

அரேஞ்சர் கீபோர்டு, நாம் பிடிக்கும் கார்டுக்கு (சேர்ந்தொலிக்கும் சுரங்களுக்கு) ஏற்ற பின்னணி இசையைத் தானே வாசிக்கும்; அந்தப் பின்னணிதான் ஸ்டைல். அதைத் திருத்தும் இந்த ஸ்டைல் எடிட்டர் மென்பொருளின் விலை பாதியாகக் குறைந்ததும், வாங்கலாமா என்று எங்கள் மெல்லிசைக் குழுத் தம்பிகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பல வருஷமாகக் கச்சேரிக்கு ஸ்டைல் தயார் செய்வது இதில்தான் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

யமஹா ஸ்டைல் ஃபைலைச் சாதாரண மிடி சீக்வென்சரில் (நோட்டுகளைப் பதிந்து திருத்தும் மென்பொருளில்) திறந்து சேமித்தால் போச்சு. ஃபைலின் முன்பகுதி வெறும் மிடிதான், அதாவது எந்த நோட்டை எப்போது வாசிப்பது என்ற கட்டளைகள். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் காஸம் பகுதிதான், நாம் பிடிக்கும் கார்டுக்கு ஏற்றபடி பேஸும் கிடாரும் எப்படி மாற வேண்டும் என்று சொல்கிறது. சீக்வென்சர் அதைக் கழற்றிப் போட்டுவிடும். இந்த மென்பொருள் அதை அப்படியே காப்பாற்றித் தருகிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது மெகா வாய்ஸ் சீரமைப்பு. பெரிய மாடலுக்கு எழுதிய ஸ்டைலில், மெகா வாய்ஸ் என்ற கிடார் சத்தம் இருக்கும். அதில் வெலாசிட்டியை, அதாவது நோட்டை அழுத்தும் வேகத்தைப் பொறுத்து மெல்லிய மீட்டல், அமுக்கிய தந்தி, ஸ்லைடு என்று வெவ்வேறு சத்தம் வரும். அந்த வாய்ஸ் இல்லாத கீபோர்டில் போட்டால், ஸ்லைடுக்காக வைத்த நோட்டெல்லாம் முழு வேகத்தில் காதில் அறையும். தந்தி உரசலுக்காக உச்ச ஸ்தாயியில் வைத்த நோட்டுகள் கீச்சிடும். இந்த மென்பொருள் ஒரே அழுத்தில் உரசலை நீக்கி, வெலாசிட்டியைச் சீராக இறக்கிவிடுகிறது. இந்த மென்பொருளை எழுதியவர் நிச்சயமாக மேடையில் வாசித்தவர்.

அப்படிப்பட்டவர் இதை எப்படி விட்டார் என்றுதான் கோபம் வருகிறது. நைலான் கிடாரை மாற்றி ஸ்டீல் கிடார் வைக்கிறேன். ஸ்டைலின் ஒரு பகுதியான மெயின் ஏ அருமையாகப் போகிறது. அடுத்த பகுதியான மெயின் பி-க்குப் போனதும் பழைய நைலான் வந்து உட்கார்ந்துகொள்கிறது! மெயின் பி-யின் முதல் பாருக்குள் (தாளச் சுற்றுக்குள்) வாய்ஸை மாற்றும் கட்டளையான புரோகிராம் சேஞ்ச் ஒன்று தனியாக இருக்கிறது. மென்பொருள் மாற்றுவது ஸ்டைலின் தொடக்க அமைப்பில் உள்ளதை மட்டும்தான். உள்ளே இன்னொன்று இருக்கிறது என்று ஒரு வரி எச்சரிக்கைகூடக் கிடையாது. எத்தனை பதிப்பு வந்துவிட்டது, எத்தனை முறை எழுதிக் கேட்டாயிற்று! புதிய பதிப்பில் திரையின் நிறம்தான் மாறியிருக்கிறது.

கோயில் திருவிழா மேடையில், பாட்டு நடுவில் வாய்ஸ் மாறினால் பாடுகிறவர் திரும்பிப் பார்ப்பது கீபோர்டுக்காரனைத்தான். ஆகவே தம்பிகளே, பாதி விலைக்கும் வாங்காதீர்கள். அந்த எச்சரிக்கை வரட்டும், முழு விலை கொடுத்தே வாங்கலாம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. கட்டளைகள் வரிசையாகத் தெரியும் ஈவென்ட் பட்டியலைத் திறந்து, பேஸ், கிடார் போன்றவை வரும் 11 முதல் 16 வரையுள்ள சேனல்களில் தொடக்க அமைப்புக்குப் பின்னால் வரும் புரோகிராம் சேஞ்சைத் தேடுங்கள். அதற்கு முன் நிற்கும், வாய்ஸ் தொகுதியைத் தேர்ந்தெடுக்கும் கன்ட்ரோலர் 0, 32 இரண்டையும் சேர்த்தே நீக்குங்கள். 9, 10 ரிதம் சேனல்கள், அவற்றைத் தொட வேண்டாம். சில ஸ்டைல்களில் டிரம் கிட் வேண்டுமென்றேதான் மாறும். அப்புறம், மூல ஃபைலை வேறு ஃபோல்டரில் நகலெடுத்து வைத்துவிட்டே தொடங்குங்கள்.