தி ப்ராஃபெட்ஸ் நாவல்: கண்டிப்பா வாங்குங்க, மெதுவா படிங்க

ராபர்ட் ஜோன்ஸ் ஜூனியர் எழுதி 2021ல வந்த நாவல், அந்த வருஷம் நேஷனல் புக் அவார்ட் இறுதிப் பட்டியல்லயும் இருந்துச்சு. மிசிசிப்பில ஒரு பருத்தித் தோட்டம், அங்க அடிமைகளா இருக்குற சாமுவேலும் ஐசாயாவும் சின்ன வயசுலேர்ந்தே கொட்டாயில ஒண்ணா வேலை பாக்குறாங்க, அப்படியே காதலும் வளருது. அடிமை முறை பத்தின கதைகள்ல ரெண்டு கறுப்பின ஆம்பளைங்களோட காதல் இப்படி நட்டநடுவுல நின்னு நான் படிச்சதே இல்ல.

ஆரம்பத்துல கூட இருக்குறவங்க யாரும் இதைப் பெருசா எடுத்துக்கல. தோட்ட முதலாளி பால் (Paul)ங்கிறவனுக்குத்தான் இது இடிக்குது. 1808ல வெளிநாட்டுலேர்ந்து அடிமைகளைக் கொண்டுவர அமெரிக்கா தடை போட்டாச்சு, தாய் அடிமைன்னா பிள்ளையும் அடிமைங்கறது சட்டம், அப்போ ஆளுங்க புள்ள பெத்தாதான அவனுக்கு சொத்து பெருகும், இவங்க ரெண்டு பேரால அவனுக்கு நஷ்டம்! தோட்டத்துலயே இன்னொரு அடிமையான ஏமோஸ், தான் நேசிக்கிற எஸ்ஸிங்கற பொண்ண முதலாளி இனிமே தொடக்கூடாதுன்னுதான் பைபிள் கத்துக்கிட்டு பிரசங்கம் பண்ண இறங்குறான், கடைசில பாவம்னு சொல்லி இந்தப் பசங்க மேலயே ஜனங்களைத் திருப்பிவிடுறான். அவனைத் திட்டவும் முடியல, மன்னிக்கவும் முடியல. நாவல்லயே பெரிய சாதனை இவன்தான்னு சொல்லுவேன்.

முதலாளி மகன் டிமதி படம் வரையறவன், அவனுக்கு ஐசாயா மேல ஆசை. அவனும் ஆம்பளை மேல ஆசப்படுறவன்தானேன்னு ஆசிரியர் அவனுக்கு சலுகை காட்டவே இல்ல. மாட்டேன்னு சொல்ல ஐசாயாவுக்கு வழியே இல்லாதப்ப அது காதல் கிடையாது, வன்கொடுமைதான், புத்தகம் அதுல தெளிவா இருக்கு.

நடுநடுல ஆப்பிரிக்காவுல கொசோங்கோன்னு ஒரு கற்பனை நாடு வருது, அங்க அரசரே ஒரு பொண்ணு, ரெண்டு ஆம்பளைங்க சேர்றத ஊரே கூடி கொண்டாடுது. இந்த வெறுப்பு நம்ம முன்னோர்கிட்ட இருந்ததில்ல, பின்னாடி வந்து ஏறினதுன்னு சொல்ற பகுதி, அவசியம்தான், ஆனா அந்த ஊர் கொஞ்சம் ஓவரா நல்லா இருக்கு, தோட்டத்து ஆளுங்க அளவுக்கு அங்க யாரும் மனசுல நிக்கல.

இங்கிலீஷ் பைபிள் நடைல கனமா போகும், முன்னோர்கள் கூட்டமா பேசுற பக்கங்கள ரெண்டு தடவை படிக்கணும், அதனால ஆடியோவ விட அச்சுப் புத்தகமே வாங்குங்க. சவுக்கடி, பாலியல் வன்கொடுமை எல்லாம் நேரடியாவே வருது, மனசு தாங்காதவங்க தெரிஞ்சிக்கிட்டே எடுங்க. என் மார்க் அஞ்சுக்கு நாலரை.